நன்றி சொல்லாத வாய்

ஹாரன் மாமா பல் செட்டைக் கொண்டுவந்து மறுபடியும் அவள் மேசைமேல் வைத்தார். இந்த முறை அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கூட எடுத்து வரவில்லை. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுப்பதுபோல் எடுத்து, மெழுகுத் துண்டுகளும் அரமும் கிடந்த இடத்தில் டக்கென்று வைத்துவிட்டு, உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துகொண்டார்.

"கீழ் செட்டு குத்துது. ரொட்டிய நனச்சுத் தின்னாக்கூடக் குத்துது," என்றார். பல் இல்லாத வாயில் சொற்கள் குழைந்து வந்தாலும் சத்தத்துக்கு ஒரு குறையும் இல்லை. வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர். எஞ்சின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. அவர் ஓய்வு பெற்றும் அது ஓய்வு பெறவில்லை. தெருவில் அவருக்கு அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான்.

"போன தடவதான ராவிக் கொடுத்தேன் மாமா?"

"ராவுன. குத்துது."

"போட்டுப் பழகணும். புதுச் செருப்பு கடிக்கிற மாதிரிதான். கொஞ்ச நாள்ல சரியாயிடும்."

"செருப்பு கடிச்சா கழட்டிப் போட்டுட்டு வெறுங்காலோட நடப்பேன். இத வாய்க்குள்ள வச்சுக்கிட்டு எதுக்குக் கஷ்டப்படணும்? உன் மனசு குளிரவா?"

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. செட்டைக் கையில் எடுத்து, போன முறை ராவிய ஓரத்தையே இன்னும் கொஞ்சம் ராவி, கழுவி, அவரிடம் நீட்டினாள். அவர் அதை வாயில் போட்டுத் தாடையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனார்.

தெருவில் எல்லோரும் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் செட் கட்டுவதற்கென்றே படித்து உரிமம் வாங்கியவள். வாரநாட்களில் பல் மருத்துவர்கள் அனுப்பும் வேலை. சனிக்கிழமைகளில் மட்டும், வாங்க வசதி இல்லாதவர்களுக்கு இலவசமாகக் கட்டிக் கொடுப்பாள். யாரும் சொல்லி அதை ஆரம்பிக்கவில்லை. ஆராதனையில் அவளுக்கு முன்வரிசையில் உட்காரும் சலவைக்காரம்மா, பாட்டுப் பாடும்போதெல்லாம் வாயைக் கையால் மூடிக்கொண்டே பாடுவாள். அதைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் தாங்கமாட்டாமல், "சனிக்கிழமை என் கடைக்கு வாங்களேன்," என்று கூப்பிட்டாள். அவ்வளவுதான் தொடக்கம். ஒருத்தி சொல்லி இன்னொருவர் வந்தார்.

எதையும் எதிர்பார்த்துச் செய்யவில்லை, ஆண்டவருக்காகச் செய்கிறேன் என்று கேட்டவர்களிடம் சொல்வாள். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள். ஆனால் அப்படிச் சொல்லும்போது நாக்கில் ஒரு இனிப்பு ஊறியது. அதை அவள் கவனிக்கவில்லை.

பிறகு சபைச் செயலாளரின் காதுக்கு விஷயம் எட்டியது. அவர் தரை ஓடு விற்கும் பெரிய கடைக்குச் சொந்தக்காரர். எதையும் பளபளவென்று வைத்துப் பார்க்கிற கண் அவருக்கு. "சிஸ்டர், இவ்வளவு பெரிய காரியத்த இப்படி மூலையில உக்காந்து செய்யலாமா?" என்றார். மூலப் பொருளெல்லாம் சபை வாங்கித் தரும் என்று ஏற்பாடு செய்தார். 'புன்னகை ஊழியம்' என்று பெயர் வைத்து, ஆலய வாசலில் பேனர் கட்டினார். பதிவுக்கு வேண்டும் என்று, அளவெடுக்கும்போது அவள் தொழிலுக்காக எடுத்து வைத்திருந்த படங்களையும் கேட்டார். யோசிக்காமல் அனுப்பி வைத்தாள்.

ஹாரன் மாமா அந்தப் பேனரைப் பார்த்து வந்தவர். வந்த நாளிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. முன்பற்கள் குதிரைப் பல் மாதிரி இருக்கின்றன என்றார். நிறம் சுவர் சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது என்றார். போதாததற்கு முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்து, "அந்தப் பொண்ணு என் வாய்ல தொழில் பழகுது," என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லியிருக்கிறார். முடி வெட்டிக்கொள்ளப் போன அவள் கணவன் காதாலேயே கேட்டுவிட்டு வந்தான்.

அடுத்த முறை அவர் வந்தபோது அவளால் கோபத்தை அடக்க முடியவில்லை.

"மாமா, இயேசு குணமாக்குன குஷ்டரோகிங்க பத்துப் பேர்ல ஒருத்தன்தான் திரும்பி வந்து நன்றி சொன்னான், தெரியுமா? மீதி ஒன்பது பேர்ல நீங்களும் ஒருத்தர்."

பெரியவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டே யோசித்தார்.

"சரி. அந்த ஒன்பது பேருக்கும் நோவு திரும்ப வந்துச்சுன்னு எங்கயாவது சொல்லியிருக்கா?"

"இல்ல."

"அப்ப குணமானது குணமானதுதான? கொடுத்ததத் திரும்பப் புடுங்கல இல்ல? அப்புறம் என்ன? கீழ் செட்டு குத்துது, பாரு."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அரத்தை எடுத்தாள்.

அன்று சாப்பிடும்போது தட்டுகளைப் போட்டு உருட்டினாள். அவள் கணவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். உயரமான கட்டடங்களின் உச்சியில், இருட்டு அறைகளில் கிரீஸோடு மல்லுக்கட்டுகிற வேலை. அதனாலோ என்னவோ, எதற்கும் அவசரப்பட மாட்டான்.

"நான் பாத்த லிஃப்ட்ல தினம் எத்தனையோ பேரு ஏறி இறங்குறாங்க. ஓடுறப்போ எவனாவது நன்றி சொல்லியிருக்கானா? நின்னுபோனாத்தான் நம்மள நினைப்பாங்க, அதுவும் திட்டுறதுக்கு," என்றான்.

"உங்களுக்குச் சம்பளம் வருது. பேசுவீங்க."

"ஆமா, வருது." அவன் ரொட்டியைப் பிய்த்தான். "உனக்கு வர வேண்டிய சம்பளம் வரல. அதானே கோவம்?"

"நான் எந்தச் சம்பளமும் கேக்கல."

"நீ கேக்கல. உன் மூஞ்சி கேக்குது."

தன் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. சனிக்கிழமை முழுக்கத் தூசியிலும் மெழுகு வாடையிலும் உட்கார்ந்து, அந்த வாயை அளந்து, ஒவ்வொரு பல்லாக அடுக்கி, காய்ச்சி, மெருகேற்றிக் கொடுத்தவள் அவள். ஒரு 'நல்லாருக்கு' சொல்ல அந்த மனுஷனுக்கு என்ன வலித்தது?

இந்த நிலைமையில்தான் செயலாளர் கடைக்கு வந்தார். அடுத்த வருஷத்துக்கான சபைக் காலண்டரில் மாதத்துக்கு ஒரு முகம் வைக்கப் போகிறாராம், பல் வாங்கியவர்களின் சிரித்த முகம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லோரையும் மேடையில் நிறுத்திப் படம் எடுப்பார்கள். அவர்கள் சாட்சி சொல்வார்கள். அவளுக்கும் பாராட்டு உண்டு.

"எல்லாரும் வருவாங்களா பிரதர்? சிலருக்குக் கூச்சமா இருக்குமே."

"வருவாங்க சிஸ்டர். வராம எங்க போவாங்க?" என்று அவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் ஏதோ இடறியது. ஆனாலும் பாராட்டு என்ற சொல் காதில் விழுந்த பிறகு வேறெதுவும் சரியாகக் கேட்கவில்லை. சனிக்கிழமை குளியலறைக் கண்ணாடி முன் நின்று, "எனக்கு எந்தப் புகழும் வேண்டாம், எல்லாம் ஆண்டவருக்கே," என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். தலையை எவ்வளவு குனிய வேண்டும் என்றும் பார்த்துக்கொண்டாள்.

ஞாயிறன்று ஆலயம் நிரம்பி வழிந்தது. மேடையில் பல் வாங்கியவர்கள் வரிசையாக நின்றார்கள். கோடியில் ஹாரன் மாமா, துவைத்து மடிப்புக் கலையாத சட்டையில், யாரோ கட்டாயப்படுத்திக் கூட்டி வந்ததுபோல் நின்றார். நடுவில் சலவைக்காரம்மா. பல் வந்த பிறகு வாயை மூடாமல் பாட ஆரம்பித்திருந்தவள், இன்று ஏனோ மறுபடியும் கையை வாயருகே வைத்துக்கொண்டிருந்தாள். பல்லக்கா முதல் வரிசையில், கூப்பிட்டதும் எழுந்து போக வசதியாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

செயலாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "ஆண்டவர் செய்த அதிசயத்தைப் பாருங்க. இது முன்பு," என்று கையை உயர்த்தினார்.

மேடைக்குப் பின்னால் இருந்த பெரிய திரை ஒளிர்ந்தது. அதில் ஒரு வாய் தெரிந்தது. அகலத் திறந்த, ஒரு பல்கூட இல்லாத, ஈறு வற்றிய வாய். சுவர் அளவுக்கு. உதட்டோரத்து மச்சத்தைப் பார்த்ததும் யாருடைய வாய் என்று சபை முழுவதற்கும் தெரிந்துவிட்டது. பின்வரிசையில் யாரோ இளவட்டங்கள் களுக்கென்று சிரித்தார்கள்.

சலவைக்காரம்மா திரும்பிப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். இரண்டு கைகளாலும் வாயை மூடிக்கொண்டாள்.

அந்தப் படத்தை எடுத்தது பல்லக்கா. "கொஞ்சம் பெரிசா திறங்கம்மா, கூச்சப்படாதீங்க, நாந்தான பாக்குறேன்," என்று சொல்லித்தான் எடுத்தாள். நான்தானே பார்க்கிறேன் என்று சொன்ன வாய் அவளுடையது. இன்று சபை முழுக்கப் பார்க்கிறது.

திரையில் வாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோயின. "இப்ப பின்பு," என்றார் செயலாளர். "எல்லாரும் பல் தெரியச் சிரிங்க." படம் எடுப்பவர் கேமராவைத் தூக்கினார்.

வரிசையின் கோடியில் ஹாரன் மாமா வாய்க்குள் விரலை விட்டார். கீழ் செட்டைக் கழற்றினார். மேல் செட்டையும் கழற்றினார். இரண்டையும் சட்டைப் பையில் போட்டுவிட்டு, வாயை இறுக மூடிக்கொண்டு நேராகப் பார்த்தார்.

பல்லக்காவுக்கு முதலில் வந்த கோபம் அவர்மேல்தான். இத்தனை பேர் நடுவில், தன் வேலையைக் கழற்றிப் பையில் போட்டு அவமானப்படுத்துகிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது.

"பல்லப் போடுங்க பெரியவரே," என்றார் செயலாளர்.

"குத்துது."

"படம் எடுக்குற வரைக்குமாவது போட்டுக்கங்க."

"நான் பல்லு கேட்டேன், வாங்கினேன்," என்றார் ஹாரன் மாமா. ஒலிவாங்கி இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்டது. "பல்லக் காட்டிக்கிட்டு நிக்கணும்னு அப்பச் சொல்லல. சொல்லியிருந்தா வெறும் வாயோடயே இருந்திருப்பேன்."

செயலாளரின் முகம் சிவந்தது. "இனாமா வாங்கினா கொஞ்சமாவது நன்றி வேணும். இல்லன்னா கழட்டினதக் கழட்டினபடி இங்க வச்சிட்டுப் போங்க. காத்துக்கிட்டிருக்கிறவங்க எத்தனையோ பேரு."

ஒருவர் வாய்க்கென்று கட்டிய பல் இன்னொருவர் வாய்க்குச் சேராது என்பதுகூட அந்த மனிதருக்குத் தெரியவில்லை. பல்லக்கா தன்னையறியாமல் எழுந்து மேடைப் படியில் ஏறிக்கொண்டிருந்தாள். சலவைக்காரம்மாவைக் கடக்கும்போது அந்தம்மா அவள் புடவையைப் பிடித்தாள்.

"நான் வரலன்னுதாம்மா சொன்னேன்," என்று கிசுகிசுத்தாள். "படத்துக்கு வரலன்னா, நாளைக்குப் பல்லு உடைஞ்சா மறுபடி செஞ்சு தரமாட்டாங்கன்னு செயலாளர் சொன்னாரு. நீங்களும் அப்படித்தான் சொன்னீங்கன்னாரு. அதான் வந்தேன்."

நீங்களும் அப்படித்தான் சொன்னீங்க.

அதுவரை ஹாரன் மாமா மேல் கொதித்துக்கொண்டிருந்தது எல்லாம் ஒரே நொடியில் திசை மாறியது. கண்ணாடி முன் பழகி வைத்திருந்த வாக்கியம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. கணினி முன் இருந்தவனைப் பார்த்து, "அந்தப் படத்த அணைங்க," என்றாள். அவன் செயலாளரைப் பார்த்தான். "அவரப் பாக்காதீங்க. நான் எடுத்த படம். அணைங்க."

திரை வெறுமையானது.

"சிஸ்டர், இது உங்க ஊழியத்துக்குச் சாட்சிதான," என்றார் செயலாளர், சிரிப்பை விடாமல்.

"இது என் சாட்சி இல்ல. இவங்க வாய்." அழுகை வந்துவிடுமோ என்று பயந்தாள். வந்தது கோபம்தான். "சும்மா கொடுக்கிறோம்னு சொல்லிக் கொடுத்துட்டு, இப்ப இவங்க மானத்தக் கேக்கிறோம். பல்லு உடைஞ்சா செஞ்சு தரமாட்டேன்னு நான் எப்பச் சொன்னேன்? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? வராம எங்க போவாங்கன்னு நீங்க சிரிச்சப்பவே நான் கேட்டிருக்கணும். கேக்கல. மேடையில என்ன சொல்லணும்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன். என் பேர்லயும் தப்பு இருக்கு. ஆனா இந்தக் காலண்டர்ல ஒரு முகம்கூட வரக் கூடாது."

போதகர் எழுந்து, "சிஸ்டர், உக்காருங்க, பிறகு பேசிக்கலாம்," என்று அமைதிப்படுத்திவிட்டு, அவசர அவசரமாக ஒரு பாட்டை ஆரம்பித்தார். பாதிச் சபை பாடியது. மீதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு ஆலயத்தை ஒட்டிய அறையில் சலவைக்காரம்மாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். அந்தம்மா, "விடுங்கம்மா, உங்களுக்குத் தெரியாதுல்ல," என்றாள். ஆனால் முகம் தெளியவில்லை. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டாள். அடுத்த சில வாரங்கள் ஆராதனைக்கு வரவில்லை. மன்னிப்புக் கேட்டதால் எல்லாம் நேராகிவிடவில்லை.

அன்று அந்த அறையில் ஹாரன் மாமா மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்கு வேற நேரமே கிடைக்கலயா?" என்றாள் அவரிடம். இன்னும் சூடு ஆறவில்லை.

"குத்துதுன்னு நானும் எத்தன தடவதான் சொல்றது?"

"வாயத் திறங்க."

கைப்பேசி விளக்கை அடித்து, நாக்கை ஒதுக்கிப் பார்த்தாள். தாடையின் உள்பக்கம், நாக்குக்கு அடியில், எலும்பு கூராக ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் வெள்ளையாக ஒரு புண். இன்று நேற்று வந்த புண் இல்லை. அவள் ராவியதெல்லாம் வெளிப்பக்க ஓரம். அவர் ஒவ்வொரு முறை வந்தபோதும் அவள் கையில் அரம் இருந்தது, மனத்தில் எரிச்சல் இருந்தது. வாயைத் திறக்கச் சொல்லி ஒருமுறைகூட விளக்குப் பிடித்துப் பார்க்கவில்லை. நன்றி கெட்டவன் வாயில் வலி இருக்காது என்று அவளாகவே தீர்மானித்துவிட்டாள்.

"புண்ணா இருக்கு மாமா."

"அதத்தான சொல்லிக்கிட்டிருக்கேன்."

"நான் பாக்கல."

அவர் சட்டைப் பையைத் தடவிப் பல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"கீழ் செட்ட எங்கிட்ட விட்டுட்டுப் போங்க. புண்ணு ஆறினதும் சரி பண்ணித் தரேன். நாளைக்கு ஒருதடவ வாங்க."

"நாளைக்கு முடியாது, எனக்கு வேல இருக்கு. அடுத்த நாள் வரேன்," என்றார்.

மறுநாள் அந்தச் செட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினால் சண்டைதான் வந்தது. உமக்காகத்தானே செய்தேன், ஒருவராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லும்படி செய்திருக்கக் கூடாதா என்று கேட்டாள். கேட்ட கையோடு, சம்பந்தமே இல்லாமல், இயேசுவைப் பிடித்துக் கட்ட வந்த கூட்டத்தில் காது வெட்டுப்பட்ட ஒருவன் நினைவுக்கு வந்தான். அவர் அவன் காதைத் தொட்டுச் சேர்த்தார். அவன் நன்றி சொன்னதாகக் கேள்வியில்லை. ஒட்டிய காதோடு மற்றவர்களோடு சேர்ந்து அவரை இழுத்துக்கொண்டுதான் போயிருப்பான். அது அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் தொட்டார். ஏன்? காது அறுந்திருந்தது, ரத்தம் வழிந்தது. வேறென்ன காரணம் வேண்டும்?

அவளுக்கு ஆறுதலாக இல்லை. வெட்கமாக இருந்தது. அவர் தொட்டது காதை. அவள் இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தது வாயை அல்ல, அது சொல்லப் போகும் வார்த்தையை. அரத்தை எடுத்து, உள்பக்கம் எலும்பு முனை படும் இடத்தைக் குறித்துக் குறித்து, மெல்ல மெல்லக் குடைய ஆரம்பித்தாள்.

செயலாளர் மூலப் பொருளை நிறுத்திவிட்டார். பேனர் இறங்கியது. காலண்டர் அருவிகளின் படங்களோடும், அடியில் அவர் கடைப் பெயரோடும் வந்தது. அவளுக்குத் தலைக்கனம் என்று சபையில் ஒரு சாரார் பேசிக்கொண்டார்கள். போதகர் வீட்டுக்கே வந்து, சமாதானத்துக்காக, செயலாளரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடும்படி சொன்னார்.

"கேக்க வேண்டியவங்க கிட்டக் கேட்டுட்டேன் ஐயா. அவர் இன்னும் கேக்கல. அவர் வீட்டுக்கும் இப்படிப் போவீங்களா?"

போதகர், அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். செயலாளர் வீட்டுக்குப் போனாரா என்று அவளுக்குத் தெரியாது. போகவில்லை என்றுதான் நினைத்தாள். அந்த நினைப்பு இன்றும் அவளை உறுத்துகிறது.

படங்களை எல்லாம் அழித்தாள். வாரம் ஒரு செட்டாகக் கட்டியது குறைந்து, கையில் பொருள் இருக்கும்போது மட்டும் என்றாகிவிட்டது. அவள் கணவன் ஒருநாள் கடையின் பழைய அரவை மோட்டாரைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டுக் கொடுத்தான். சலவைக்காரம்மா ஒரு ஞாயிறு திரும்பி வந்தாள். பழைய இடத்தில் உட்காராமல் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பாடினாளா, கையை எடுத்தாளா என்று பல்லக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

ஹாரன் மாமாவுக்குப் புண் ஆறியது, செட்டும் சேர்ந்தது. மாட்டிக்கொண்டு தாடையை அசைத்துப் பார்த்தார். "இப்பத்தான் குத்தல. இத முதல்லயே செஞ்சிருக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார். அவளுக்கு வழக்கம்போல் சுருக்கென்றது. அடுத்த கணம் அவர் சொன்னது சரிதானே என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே எரிச்சலாகவும் இருந்தது.

போன சனிக்கிழமை ஒரு பெண் வந்திருந்தாள், பக்கத்துக் கட்டடத்துக் காவலாளி. எந்தச் சபையையும் சேர்ந்தவள் இல்லை. பல்லக்கா விளக்கைப் பிடித்து மூலை மூலையாக அவள் வாயைப் பார்த்து, இரண்டு முறை மாட்டிக் கழற்றி, எங்கும் அழுத்தவில்லை என்று உறுதிசெய்த பிறகே அவளை எழுந்திருக்க விட்டாள். அந்தப் பெண் கண்ணாடியில் நெடுநேரம் தன்னைப் பார்த்தாள். அப்போது கைப்பேசி அடித்தது. யாரிடமோ சத்தம் போட்டுப் பேசிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே போய்விட்டாள். கதவு ஆவென்று திறந்து கிடந்தது. தெருப் புழுதி ஈரம் காயாத பல் அச்சுகள்மேல் வந்து படிந்தது.

"கதவையாவது சாத்திட்டுப் போகலாம்ல," என்று முணுமுணுத்தபடி பல்லக்கா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். பிறகு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, அடுத்த அச்சுக்கு மாவு குழைக்க உட்கார்ந்தாள்.